சவர்க்காரம் ஏன் நுரைக்கவில்லை?

போன கிழமை ஒரு சவர்க்காரக் கட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். நாலு நாள் தேய்த்துக் குளித்த சவர்க்காரம்! அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்தானே?

நுரையே வரவில்லை, போலிச் சாமான் விற்கிறீர்கள் என்று வெள்ளவத்தைச் சந்தியில் பத்துப் பேர் கேட்கக் குரலை உயர்த்தினேன். கடைக்கார நானா கோபப்படவில்லை.

"ஒங்கட பில்டிங்கால வந்த மூணாவது ஆள் நீங்க, சேர். சவக்காரத்துல பிழை இல்ல. தண்ணியக் கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயில் ஒரு கை ஏந்திக் குடித்தேன்... உப்பு.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் தொடர்மாடி கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. அதன் நிர்வாகக் குழுவுக்குச் செயலாளர் — அடியேன்தான். பக்கத்து வளவில் பிலோமினா அக்காவின் பழைய வீடு. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். இப்போது தனி ஆள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் சீவியம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கடல் இவ்வளவு கிட்ட இருந்தும் நல்ல தண்ணீர். மழை இல்லாமல் தண்ணீர் வெட்டு வந்த மாதங்களில் கேற்றைத் திறந்துவிட்டு, எங்கள் அத்தனை பேருக்கும் அள்ளத் தந்தவர் அவர்.

ஆனால் லிஃப்ட் உள்ள மாடிக்காரர் வாளியோடு வரிசையில் நிற்பதா? மானப் பிரச்சினை! நானே முன்னின்று எங்கள் முற்றத்தில் குழாய்க்கிணறு அடிப்பித்தேன். மோட்டர் பொருத்தி எல்லா வீட்டுக் குழாய்களுக்கும் அந்தத் தண்ணீரையே ஏற்றினோம். சின்னதாக விழாவும் வைத்தோம்.

விழா என்றால் பேச்சு இல்லாமலா? நீர்ப் பாதுகாப்புக்கு வரும் அச்சுறுத்தல்கள் பற்றி வெளுத்து வாங்கினேன். மழை குறைவது, சனம் பெருகுவது, ஆற்றில் கழிவு சேர்வது, பழைய குழாய்கள் ஒழுகுவது... கரையோரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சினால் கடல் உள்ளே வரும் என்றும் சொன்னேன். நல்ல கைதட்டல். எங்கோ மாலைதீவில் நடக்கிற விஷயம் போலச் சொல்லியிருப்பேன் போலும்.

பிறகு பிரதம விருந்தினரை அழைத்து மோட்டர் சுவிட்சைப் போட வைத்தோம். யார் அந்தப் பிரதம விருந்தினர்? பிலோமினா அக்காதான். நன்றிக்கடனாம்!

உப்பு நாக்கில் இருக்கும்போதே அவர் வீட்டுக்கு ஓடினேன். குசினியில் பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. கிணறு ஒரு மாதமாகக் கரிக்கிறதாம். மா குழைக்கக் கடையில் தண்ணீர் வாங்குகிறாராம். இப்படியே போனால் இடியப்பத்தை விட்டுவிட்டு, வீட்டையும் பூட்டிக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் தங்கச்சியோடு போய் இருக்க வேண்டியதுதான் என்று நிதானமாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சுவிட்சைப் போட்டது நான்தானே, தம்பி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூட்டினேன். மோட்டரை நிறுத்துவோம் என்று சொல்லத்தான் எழுந்தேன். அடுத்த தண்ணீர் வெட்டுக்கு என்ன செய்வது என்று ஐந்தாம் மாடி கேட்டது. உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றமே காரணம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதை அழகான தமிழில் எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலையில் அக்கா ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு என் கதவைத் தட்டினார். இரவு நல்ல மழை. கிணறு திருந்தியிருக்கும் என்ற ஆசையில் வாங்கிக் குடித்தேன். கரித்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கிணறு சரிவந்துவிட்டது, தேத்தண்ணீர் அருமை என்று சொன்னேன்.

"நான் குடிச்சுப் பாக்காமலோ, தம்பி, கொண்டு வந்தனான்?"

முழுக் கோப்பையையும் குடித்து முடித்தேன். வேறென்ன செய்ய?

அன்று பத்து மணியிலிருந்து மோட்டர் அறைப் பூட்டின் சாவியைக் காணவில்லை. என் சட்டைப் பையைத் தவிர எல்லா இடமும் தேடியாயிற்று. நானும் சேர்ந்துதான் தேடுகிறேன்.

நல்லவேளை, எங்கள் தொடர்மாடியில் யாரும் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை.