கேமராவைப் பார்க்காத அம்மா

போன வாரம் கொச்சியில் ஒரு மீனவர் என் அம்மாவை அதட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. ஏன்? சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் 'டூர்' என்று போனதே இல்லை. கோயிலுக்குப் போயிருக்கிறோம். கல்யாணத்துக்கு, துக்கத்துக்குப் போயிருக்கிறோம். சும்மா ஊர் பார்க்க..? குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஊர்தான் எங்களைப் பார்க்க வரும்!

பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்து, ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். (உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் சொல்லச் சொல்ல இனிக்கிறதே, என்ன செய்ய?) அந்த உரிமையில் அறிவித்துவிட்டேன் — இந்த லீவுக்குக் கொச்சி. பழைய துறைமுகம், கோட்டைத் தெருக்கள், கப்பல், கடல்... எல்லாம் பார்க்கிறோம்.

"கடல்ல என்ன கண்ணு பாக்கறதுக்கு இருக்குது?" என்றார் அப்பா. தேயிலை ஃபேக்டரியில் வேலை அவருக்கு.

"நம்ம தேயிலை கப்பல் ஏறுற ஊருப்பா அது."

"அப்பிடீன்னா போலாம்" என்று ஸ்வெட்டரை எடுத்து வைத்தார்.

ஆமாம், ஸ்வெட்டர்தான். எங்கள் மலையில் வெளியே கிளம்புவது என்றால் ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் சேர்ந்தது. ஃபோர்ட் கொச்சிப் படகுத்துறையில் இறங்கியபோது ஊரே வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. அப்பா கழற்றவில்லை. "வெளியூர்ல மரியாதையா இருக்கணும் கண்ணு" என்றார்... சொட்டச் சொட்ட.

எனக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஓர் ஆசை. அம்மாவின் போட்டோ ஒன்று வேண்டும். இடுப்பில் சாக்கு இல்லாமல், தோளில் இலைப்பை இல்லாமல், நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க வந்த ஒரு பெண்ணாக அம்மா நிற்க வேண்டும். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும்.

அம்மாவை இதுவரை யாரும் போட்டோ எடுத்ததில்லையா? எடுக்காதவர்கள்தான் குறைவு! அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளும் தோட்டம் மெயின் ரோட்டை ஒட்டியது. கார் நிற்கும், கதவு திறக்கும், கேமரா இறங்கும். எந்தெந்த ஊர் வீடுகளிலோ, போன்களிலோ அம்மா இருக்கிறார். எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

முதல் போட்டோவுக்கு ஒரு பழைய மஞ்சள் சுவர் கிடைத்தது. எப்பேர்ப்பட்ட சுவர்! அம்மாவை நிற்க வைத்துப் போனைத் தூக்கினேன்.

அவ்வளவுதான். அம்மா சட்டென்று பக்கவாட்டில் திரும்பினார். தலையைக் குனிந்தார். இரண்டு கைகளும் முன்னால் வந்தன. விரல்கள் காற்றில் கொழுந்து கிள்ள ஆரம்பித்தன.

"என்னம்மா பண்றீங்க?"

"போட்டோவுக்கு நிக்கறேன்."

"என்னையப் பாருங்கம்மா."

"பாக்கக் கூடாது கண்ணு. பாத்தா போட்டோ கெட்டுப் போயிரும்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. காரில் வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றேதான் — 'அக்கா, கேமராவைப் பாக்காதீங்க. நீங்க பாட்டுக்கு வேலையச் செய்ங்க. அப்பதான் நேச்சுரலா இருக்கும்.' வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, போட்டோ எடுப்பது என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்றே அம்மாவின் உடம்பு பழகிவிட்டது.

லைட்ஹவுஸ் முன்னால் முயன்றேன். குனிந்தார். மட்டாஞ்சேரியில் ஏலக்காய்க் கடை வாசலில் முயன்றேன். ஏலக்காய் மூட்டையின் மேல் விரல்கள் கிள்ளின. கடைக்காரர் மிரண்டுவிட்டார்!

"உங்கொம்மா இங்கயும் டூட்டி பாக்கறா" என்றார் அப்பா.

"நீங்க மட்டும் என்னவாம்? காலைல கடை டீயக் குடிக்காம மோந்து பாத்துக்கிட்டே இருந்தீங்களே! அது டூட்டி இல்லீங்களா?" என்றார் அம்மா.

அப்பா மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

சாயங்காலம் சீன வலைகளுக்குப் போனோம். கடலோரத்தில் மரக் கழிகளில் தொங்கும் பிரம்மாண்டமான வலைகள். கல் கட்டிய கயிறுகளை ஆட்கள் சேர்ந்து இழுத்தால் வலை மெல்ல மேலே எழும். மறுநாள் காலையில் ரயில். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எங்களுக்கு முன்னால் ஒரு தமிழ்க் கும்பல் நின்றது. கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். உடனே கும்பலில் ஒருவர் கத்தினார். "சேட்டா, இங்க பாக்காதீங்க! நீங்க பாட்டுக்கு இழுங்க!"

அம்மா 'களுக்'கென்று சிரித்துவிட்டார். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

கும்பல் நகர்ந்ததும் நேராக அந்த மீனவரிடம் போனார். "ஏனுங்க, உங்களையும் பாக்க வேண்டாம்னுட்டாங்களா?"

அவருக்குத் தமிழ் ஓரளவு வந்தது. "எப்பவும் அப்படித்தான் சேச்சி."

"உங்க பேரு என்னங்க?"

அவர் கயிற்றை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். "பேரா..? ஜோசி."

"கண்ணு, போனக் குடு" என்று வாங்கிக்கொண்டார் அம்மா. "ஜோசி, நேரா என்னையப் பாருங்க."

ஜோசி தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். முடியைக் கையாலேயே வாரிக்கொண்டார். சட்டைப் பட்டனைப் போட்டார். மாப்பிள்ளை மாதிரி நின்றார். அம்மா எடுத்தார். போட்டோவைக் காட்டியதும், மனைவிக்கு அனுப்பச் சொல்லி ஜோசி நம்பர் கொடுத்தார். பிறகு போனை அவரே பிடுங்கிக்கொண்டார்.

"இனி சேச்சி நில்லு. பேரு சொல்லு."

"சரஸ்வதி. நீலகிரி. எஸ்டேட்ல வேல. இவரு ஊட்டுக்காரரு. இது எம் பொண்ணு... பத்திரிகையில எழுதறா!"

அம்மா என்னைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஜோசி போனைத் தூக்கிவிட்டார். அம்மா பழையபடி திரும்பினார். தலை குனிந்தது. விரல்கள் கிளம்பின...

"சேச்சீ! தாழ நோக்கண்டா! இவிட நோக்கு!"

கீழே பார்க்காதே, இங்கே பார் என்கிறார்! தோட்டத்து மேஸ்திரியே கூட அப்படி அதட்டியிருக்க மாட்டார். அம்மா விலுக்கென்று நிமிர்ந்தார். நேராகப் பார்த்தார். க்ளிக்.

இப்போது அது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பின்னால் வலை, ஓரத்தில் வியர்த்து வழியும் ஸ்வெட்டர் அப்பா, ஒரு மூலையில் ஜோசியின் விரல் நுனி. நடுவில் அம்மா. உங்களைத்தான் பார்க்கிறார். இத்தனை வருஷமாக அத்தனை கேமராக்களும் தவறவிட்ட கண்கள் அவை. பெருமையாக இருக்காதா எனக்கு?

நீங்களும் எங்கள் மலைக்கு வருவீர்கள். தேயிலைக்கு நடுவே போட்டோ எடுப்பீர்கள், தாராளமாக எடுங்கள். எடுப்பதற்கு முன்னால் ஒரு பேர் கேளுங்கள், எடுத்த பிறகு ஒன்றை அனுப்பி வையுங்கள். நேச்சுரலாக இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

முந்தாநாள் தோட்டத்தில் மறுபடி ஒரு கார் நின்றதாம். வழக்கம்போல, "அக்கா, இங்க பாக்காதீங்க." அம்மா வேலையை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தாராம்.

"போட்டோ நல்லா வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் அனுப்பல கண்ணு" என்றார் அம்மா. "உடுவனா? நம்பர் வாங்கி வெச்சிருக்கேன்!"