பாக்கெட் பார்க்கிறவள்

"நான்தான்! உள்ள வரேன்!"

கழிவறையிலிருந்து திரும்பினாலும் சரி, கறை எடுக்கிற பவுடர் டப்பாவோடு பின்னறைக்கு வந்தாலும் சரி, வாசலிலேயே நின்று இப்படி ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பாள். உள்ளே ஆள் இருந்தால் குரல் சாதாரணமாக வரும். ஆள் இல்லாவிட்டால்தான் இன்னும் ஓங்கி வரும். கம்பியில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகளுக்கும் பட்டுப்புடவைகளுக்கும் அவள் வருவது தெரிந்தாக வேண்டும். இஸ்திரி மேஜைக்காரர் அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்தார். அவளும் அந்தப் பெயருக்கு மறுப்பு சொல்லாமல் திரும்பிப் பார்த்ததில், அதுவே நிலைத்துவிட்டது.

முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது ஒரு ஜோடி செருப்பு. அடிப்பாகம் கட்டை, அளவும் ஒரு சுற்று பெரிசு. நடந்தால் கடை முழுக்க டக் டக் என்று கேட்கும். "ஏம்மா, காலுக்குப் பொருத்தமா ஒண்ணு வாங்கக் கூடாதா? காது கிழியுது" என்று இஸ்திரிக்காரர் அலுத்துக்கொண்டார்.

"சத்தம் கேக்கணும் மாமா. இல்லன்னா பூனை மாதிரி வந்து நின்னேன்னு சொல்லுவாங்க."

நான் இந்த ட்ரை கிளீனிங் கடையின் முன்பக்கத்தில் பில் போடுகிறவன். எனக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. நாள் முழுக்க அதன் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயந்தாங்கொள்ளிகளில் நான் முன்வரிசை ஆசாமி. டாக்டர் முகத்தைச் சுளித்தாலே எனக்கு உயில் எழுதத் தோன்றும். அப்படிப்பட்ட எனக்கே, இந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுதான், என் பயமெல்லாம் ஒருவித பொழுதுபோக்கு என்று புரிந்தது. இவளுடைய பயம் முழுநேர வேலை.

சாயங்காலம் கிளம்பும்போது பையைத் திறந்து என் மேஜையில் வைப்பாள். ஒரு சீப்பு, ஒரு குடை, சாப்பாட்டு டப்பா. டப்பாவின் மூடியையும் கழற்றிக் காட்டுவாள். யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"எனக்கு எதுக்கும்மா காட்டுற? நான் என்ன விமான நிலையத்துலயா உக்காந்திருக்கேன்?"

"பாத்துக்கங்கண்ணே. அப்புறம் பாக்கலன்னு சொல்லக் கூடாது."

பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். அதற்குப் பிறகுதான் மூடியை மூடுவாள். அவள் போடுகிற உடைகள் எதிலும் பாக்கெட் கிடையாது. பாக்கெட் வைத்துத் தைத்த சுடிதார் ஒன்றை அவளுடைய சித்தி வாங்கிக் கொடுத்தபோது, அந்தப் பாக்கெட்டின் வாயை ஊசி நூலால் தைத்து மூடிவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள்.

போலீஸ்காரர் ஒருவர் சீருடையை இங்கேதான் கொடுப்பார். நல்ல மனிதர், சதா சிரித்த முகம். அவர் வண்டி வாசலில் நின்றதும் ஹாரன் கோட்டு வரிசைக்குள் போய் நின்றுகொள்வாள். கீழே கட்டைச் செருப்பு மட்டும் தெரியும். அவர் போன பிறகு வெளியே வந்து, "மாமா, அந்தச் சட்டைய இன்னொரு வாட்டி தேச்சிடுங்க, கோச்சுக்கப் போறாரு" என்பாள். இஸ்திரிக்காரர் திட்டிக்கொண்டே தேய்ப்பார். ஊரிலேயே மடிப்புக் கலையாத போலீஸ்காரர் அவராகத்தான் இருப்பார்.

அவளுக்கு வயது பத்தொன்பது. அதில் சில வருடங்கள் சிறார் சீர்திருத்த இல்லத்தில் போயின. சின்ன வயதில் நெரிசலான பேருந்துகளில் அவளுடைய அண்ணன் யார் மேலாவது இடித்துக்கொண்டு நிற்பானாம். அந்த ஆள் அண்ணனை முறைத்துக்கொண்டிருக்கும்போதே இவள் கை அவர் பாக்கெட்டுக்குள் போய்த் திரும்பிவிடுமாம். இதை அவள் என்னிடம் ஒருமுறைதான் சொன்னாள், அதுவும் பெருமையாக அல்ல. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட உறவுக்காரரைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள்.

இல்லத்திலிருந்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து, கற்கிற காலத்திலேயே சம்பளமும் தருகிற திட்டத்தில் இங்கே வந்தாள். சம்பளத்தில் பாதி திட்டத்துடையது, பாதி எங்கள் முதலாளியம்மாவுடையது. பயிற்சி முடியும்போது முதலாளியம்மா சரி என்றால் வேலை நிரந்தரம். நடுவில் ஒரு புகார் வந்தால் பயிற்சி ரத்து, திரும்ப இல்லம். நன்னடத்தை அதிகாரி முதல் நாளே இதை எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து கடையில் ஒரு குண்டூசி காணாமல் போனாலும் இவள் முகத்தில் ஈயாடாது. நானே வைத்த இடம் மறந்துவிட்ட பேனாவுக்காக, பெருக்கித் தள்ளிய குப்பையை மறுபடி கொட்டி அவள் கிளறியதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் விதியின் குறும்பைப் பாருங்கள். எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்குத் தருகிற முதல் வேலை, பாக்கெட் பார்ப்பது. துணி மெஷினுக்குள் போகுமுன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை விட்டுத் துழாவ வேண்டும். பேனா கிடந்தால் ஒரு மூட்டைத் துணியும் நாசம். அகப்பட்டதை நம்பர் ஒட்டிய தட்டில் போட்டு என் மேஜைக்கு அனுப்ப வேண்டும். முதலாளியம்மா வேண்டுமென்றே இந்த வேலையைத் தரவில்லை. எல்லோருக்கும் தருவதைத்தான் தந்தார்.

அவள் பார்க்கிற விதமே தனி. கால்சட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறுவாள். பாக்கெட் மேல் வெளியிலிருந்தே பட்பட்டென்று தட்டுவாள். சில்லறை, சாவி, மிட்டாய் உறை எல்லாம் கொட்டும். விழுந்ததைக் கையால் எடுக்காமல் ஒரு அட்டைத்துண்டால் தட்டுக்குள் தள்ளுவாள். அது அவளுடைய பாணி என்று நினைத்துக்கொண்டோம். வேலை நடந்தது, யாரும் கேட்கவில்லை.

நேற்று கோட்டுக்காரர் ஒருவர் வந்தார். துவைத்துத் தேய்த்து உறை மாட்டிய கோட்டை எடுத்து நீட்டினேன். வாங்கியவர் உறையைக் கிழித்து உள்பக்கம் கையை விட்டார். வெளியே எடுத்த கையைப் பார்த்தார். மறுபடி விட்டார்.

"இதுக்குள்ள ஒரு தோடு இருந்துச்சே."

"தோடா?"

"ஒத்தத் தோடு. வெள்ளைக்கல்லு. திருகு போயிடுச்சுன்னு என் வீட்டுக்காரி சரி பண்ணக் கொடுத்தா. ஆசாரிகிட்ட கொடுக்க மறந்து, கோட்டோட இங்க போட்டுட்டேன். எங்க அது?"

தட்டுகளைப் பார்த்தேன். அவர் நம்பருக்குத் தட்டே இல்லை. அதாவது அந்தக் கோட்டில் எதுவும் அகப்படவில்லை என்று அர்த்தம். "வீட்டுக்குப் போனா என்னைத் தொலைச்சுடுவா சார்" என்று முதலில் கெஞ்சியவர், நான் விழிப்பதைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "யாரு பாக்கெட் பாக்கறது இங்க? கூப்பிடுங்க அந்த ஆளை!"

முதலாளியம்மா உள்ளிருந்து வந்தார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மெஷின் நின்றிருந்த நேரம் அது. எங்கள் எல்லோருடைய கண்ணும் கண்ணாடித் தடுப்புக்குப் போனது. அந்தக் கண்களை யாரும் அனுப்பவில்லை. அவையாகவே போயின.

ஹாரன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இந்தமுறை குரல் கொடுக்கவில்லை.

மறுநாள் நன்னடத்தை அதிகாரி வருவதாக இருந்தார். வேலை நிரந்தரமா இல்லையா என்று முதலாளியம்மா அவரிடம் சொல்ல வேண்டிய நாள். அது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"இவர் கோட்டுல பாக்கெட் பாத்தியா?" என்றார் முதலாளியம்மா.

எனக்குத் தெரிந்து அதற்கு இரண்டே பதில்தான். பார்த்தேன் என்றால் தோட்டை எடுத்தவள் ஆகிறாள். பார்க்கவில்லை என்றால், கொடுத்த ஒரே வேலையையும் செய்யாதவள் ஆகிறாள். எந்தப் பக்கம் போனாலும் கிணறு. நானாக இருந்தால் மயங்கி விழுந்து தப்பித்திருப்பேன்.

"பாக்கல மேடம்."

"என்னது?"

"பாக்கெட்டுக்குள்ள பாக்கல. உதறினேன். தட்டினேன். கைய விடல. எதுலயும் கைய விட்டதில்ல மேடம், வந்த நாள்லேருந்து."

கோட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் இஸ்திரிக்காரர், "அப்படின்னா மெஷினுக்குள்ளதான் கிடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். மெஷினின் அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கழன்று விழுகிற பட்டன், குண்டூசி, காசு எல்லாம் அதில்தான் போய்ச் சிக்கும். திருகாணியைக் கழற்றித் திறந்து, கறுப்புக் கசடையும் நூல் பிசிறையும் ஒரு காகிதத்தில் கொட்டினார். கிளறினார். ஒரு பட்டன். இன்னொரு பட்டன். ஹாரன் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.

"இந்தா இருக்கு."

துடைத்ததும் கல் மின்னியது. கோட்டுக்குள் பாக்கெட், அதற்குள் இன்னொரு குட்டிப் பாக்கெட்; அங்கே ஒளிந்து உதறலுக்குத் தப்பித்த தோடு, மெஷின் சுற்றிய சுற்றில் வெளியே வந்திருக்கிறது. கோட்டுக்காரருக்குப் போன உயிர் வந்தது. உயிரோடு கோபமும் வந்தது. "பாக்கெட்கூடப் பாக்காம மெஷின்ல போடுற கடைய இப்பத்தான் பாக்கறேன். இதை எழுதிக் கொடுத்துட்டுத்தான் போவேன்" என்றார். முதலாளியம்மா கோட்டுக்குப் பில் வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டி, மன்னிப்பும் கேட்டு, வாசல்வரை போய் வழியனுப்பினார். அவர் எழுதிக் கொடுக்காமல் போகிறவரை நான் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன்.

திரும்பி வந்த முதலாளியம்மா நாற்காலியில் உட்காரவில்லை.

"ஏன் கைய விடல?"

ஹாரன் நீட்டிய கைகளை மெல்ல இறக்கினாள்.

"வாயத் திறந்து சொல்லு. திமிரா?"

"பயம் மேடம்."

"யாருக்குப் பயம்? எங்களுக்கா?"

ஹாரன் தன் வலது கையைப் பார்த்தாள். "இதுக்கு. பாக்கெட்டுக்குள்ள போனா கைக்கு ஞாபகம் வந்துடும் மேடம். எனக்கே தெரியாம எதையாச்சும் எடுத்துட்டு வந்துடுச்சுன்னா? முன்னாடி அப்படித்தான். நான் எடுக்கணும்னு நெனைக்கறதுக்குள்ள அது எடுத்திருக்கும்."

இஸ்திரிக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். இத்தனை நாளாக இந்தப் பெண் எங்களைக் கண்டு பயப்படுகிறாள் என்றே நினைத்திருந்தேன். தோளிலிருந்து தொங்குகிற ஒன்றோடு இருபத்துநாலு மணிநேரமும் பயந்து வாழ்வது எப்படி என்று என் கையைப் பார்த்தபடி யோசித்தேன்.

முதலாளியம்மா இளகுகிற ரகம் இல்லை. குரல் கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான்.

"உன் கையப் பத்தி எனக்குத் தெரியாது. எனக்குப் பாக்கெட் பாக்க ஆள் வேணும். உதறுறதுக்கு ஆள் வேண்டாம். நாளைக்கு அதிகாரி வந்து கேட்டா நான் என்ன சொல்லணும்? அந்த மூட்டை இன்னும் பிரிக்கல. பிரிச்சு, ஒவ்வொண்ணா, உள்ள கைய விட்டுப் பாரு. முடியலன்னா இப்பவே சொல்லிடு. அதையே அவருகிட்ட சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

ஹாரன் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். மேலே கிடந்தது யாருடையதோ ஒரு சாம்பல் நிறக் கால்சட்டை. மேஜையில் விரித்து, வழக்கம்போலத் தலைகீழாகத் தூக்கப் போனவள், நிறுத்தி, மறுபடி விரித்தாள். வலது கை பாக்கெட்டின் விளிம்புவரை போய் நின்றது. நெற்றியில் வியர்வை அரும்பியிருப்பது கண்ணாடி வழியாக எனக்கே தெரிந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முதலாளியம்மா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஹாரன் தன் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். விரல் மூட்டுகள் வெளுக்கும்படி, திமிறினால் விடக் கூடாது என்பதுபோலக் கெட்டியாகப் பிடித்தாள். பிடியைத் தளர்த்தாமல், அந்தக் கையை மெதுவாக உள்ளே விட்டாள்.