சூளைக்குள்ள வச்ச ஜப்பான் கோப்பை

பொய் சொல்லுவானேன், யுத்த சமயத்துல அந்தப் பீங்கான் கோப்பையைப் பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கும். பர்மாவுக்கு வேலைக்குப் போன என் தம்பி, ஒருவாட்டி ஊருக்கு வந்தப்ப கொடுத்தது. பானை செய்யற எங்க வூட்டுல யாராலயும் செய்ய முடியாத வெள்ளை. வெயில்ல புடிச்சா அந்தப் பக்கத்து விரல் தெரியும். அடியில நீலத்துல என்னமோ எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. ஜப்பான்னு போட்டிருக்குன்னு தம்பிதான் சொன்னான்.

பாப்பிரெட்டிப்பட்டி சந்தையில ஒருத்தரு சொன்னாரு, ஜப்பான்காரன் குண்டு போடறான், அவன் சாமான் வச்சிருக்கறவங்களைப் போலீசு உளவாளின்னு புடிச்சுக்கிட்டுப் போவுதுன்னு. என் வூட்டுக்காரரு அப்பாவி, ரெண்டு அடி தாங்க மாட்டாரு. எனக்குச் சோறு எறங்கலை. கோப்பையைத் தூக்கிப் போடவும் மனசு வரலை. தம்பிகிட்டேருந்து கடுதாசி நின்னு ஏழெட்டு மாசம் ஆயிருந்துச்சு.

அப்பத்தான் என் புத்தி அப்படிப் போச்சு. சுடாத பச்சைப் பானைமேல புள்ளைங்க கரியால கிறுக்கி வச்சாலும், சூளையில வெந்து வர்றப்ப கிறுக்கல் இருக்காது. இந்த எழுத்தும் அப்படியே போயிரும், கோப்பை மிஞ்சும்னு நெனைச்சேன். அவருக்குத் தெரியாம ஒரு பெரிய பானைக்குள்ள வச்சு மூடிட்டேன்.

மூணாம் நாள் காலையில சூளை பிரிச்சோம். சாம்பலை முந்தானையால தொடைச்சுப் பார்க்கறேன், எழுத்து முன்னைவிடப் பளிச்சுனு இருக்குது. அது எங்கேயோ பெரிய நெருப்பைப் பார்த்துட்டு வந்த கோப்பை. எங்க வைக்கோல் நெருப்பு அதுக்கு எந்த மூலைக்கு?

அந்த நேரம் பார்த்துப் போலீசுக்காரரு ஒருத்தரு சைக்கிள்ல வந்து எறங்கினாரு. பக்கத்துக் கல்லுல கோப்பையை ஓங்கி அடிச்சேன்.

"என்னம்மா ஒடைஞ்சுது?"ன்னு கேட்டுக்கிட்டே கிட்ட வந்து, குனிஞ்சு ஒரு சில்லை எடுத்தாரு. எழுத்து இருந்த சில்லு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. என் வூட்டுக்காரரு ஒண்ணும் புரியாம முழிக்கறாரு.

"அடடா, ஜப்பான் சாமானா? ஸ்டேஷன்ல இதே மாதிரி ஆறு கோப்பை இருக்குது. ஐயா அதுலதான் டீ குடிப்பாரு. பார்த்துப் புழங்கக் கூடாதா?"ன்னாரு. அப்புறம் என் வூட்டுக்காரருகிட்டத் திரும்பி, "தண்ணிப் பானை ரெண்டு வேணும்பா"ன்னாரு.

தட்டித் தட்டிப் பார்த்து ரெண்டு பானை எடுத்துக்கிட்டுப் போனாரு. நான் சில்லையெல்லாம் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டேன்.

பர்மாவுலேருந்து நடந்தே வந்தவங்க ஒவ்வொருத்தரையா விசாரிச்சோம். யுத்தமும் முடிஞ்சுது. தம்பி வரலை. அவன் கை பட்ட சாமான்னு எங்க வூட்டுல அது ஒண்ணுதான் இருந்துச்சு.