மாடிப்படியில் இருந்தவர்கள்

விம்பிள்டனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் அங்கே ஒரு கியூபாக்காரி வந்து சேர்ந்தாள். என்னைப் போலவே ஐம்பதைத் தாண்டியவள். ஹவானாவில் கணக்கு ரீச்சராக இருந்தவள், இங்கே என்னோடு நின்று தட்டுக் கழுவினாள். அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவளுடைய உடம்புக்காகவோ உடுப்புக்காகவோ அல்ல, அவளுடைய அயலவர்களுக்காக.

பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபிறகு எங்களுக்கு இருபது நிமிட ஓய்வு. ஹவானாவில் அப்போது காலை. அவள் தாயை வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே பெரும்பாலும் கரண்ட் இருக்காது. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் தாய் மாடிப்படியில் வந்து இருப்பார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு ஆஸ்பத்திரித் தாதி வருவாள், கீழ்வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஏறி வருவார். சின்னத் திரைக்குள் முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு, லண்டனில் இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும்.

அவள் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். பாண் ரொட்டி வாங்கக் கியூ என்றால் ஒருவர் எல்லா வீட்டுப் பங்கீட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போவாராம். கியூவில் சேருகிறவர் “கடைசி ஆள் யார்?” என்று உரக்கக் கேட்க வேண்டும். யாரோ கை தூக்குவார்கள். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், நிழலில் போய் உட்காரலாம். தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நான் மோர்டனில் ஒரே ஃபிளாட்டில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் பார்சலை இரண்டு முறை வாங்கி வைத்திருக்கிறேன். அவர் முகத்தை விவரிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில் இருந்தவர்கள் டொரன்டோ, பாரிஸ், ஒஸ்லோ என்று சிதறிப் போனார்கள். மிஞ்சியது ஒரு வாட்ஸப் குழு. அதில் காலையில் பூப்படம் வரும், யாராவது செத்தால் கைகூப்பும் படம் வரும்.

வீட்டில் இவரிடம் சொன்னேன்.

“அவையளுக்கு லைட்டும் இல்லை, மருந்தும் இல்லை. அதுக்கே நீ எரிச்சல்படுறாய்?” என்றார்.

“ஓம், எரிச்சல்தான்,” என்றேன். “எங்கட இருட்டிலயும் சனம் இருந்தது. இப்ப லைட் மட்டும்தான் இருக்கு.”

ஒருநாள் அவள், வெக்கை தாங்காமல் கட்டடம் முழுவதும் மொட்டைமாடியில் படுத்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. கரண்ட் இல்லாததால்தான் அப்படி, வந்தால் உன் ஆட்களும் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்றேன். அவள் கோபிக்கவில்லை. கரண்ட் இருந்த காலத்திலும் எங்கள் கதவு திறந்துதான் இருந்தது என்று மட்டும் சொன்னாள். அந்தப் பதில் என்னை இன்னும் எரித்தது.

பிறகு ஒரு மாசிமாதம் தாதி ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதத்தில் பஸ் டிரைவரை மகன் மயாமிக்குக் கூப்பிட்டுக்கொண்டான். மேல்வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. திரையில் தாய் மட்டும், பின்னால் வெறும் படி.

அதைப் பார்த்தபோது என் நெஞ்சு குளிர்ந்தது. இனி நீயும் என்னைப் போலத்தான் என்று மனம் சொன்னது. தலையைக் குனிந்துகொண்டு கறிச்சட்டியைத் தேய்த்தேன். வெட்கம் வந்தது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான். ஆனால் சந்தோசம் அதற்கு முன்னமே வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கீழிருந்து அம்மாவுக்கு வாளியில் தண்ணீர் தூக்கிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்றாள். பிறகு, உங்கள் தெரு வெறுமையானபோது உன் அம்மா என்ன செய்தார் என்று கேட்டாள். இந்த நாட்டில் அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

சொன்னேன். போனவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டி, திறப்பை அம்மாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலு வீட்டு முற்றத்தையும் அம்மா தினமும் கூட்டினார். ஷெல் விழுந்த நாட்களிலும் கூட்டினார். வரச் சொல்லிக் கெஞ்சினேன், வரவில்லை. அவர் செத்தபோது அந்த முற்றங்களில் நிற்க அயலவர் ஒருவரும் இல்லை. நானும் இல்லை.

அவள் என் கையைப் பிடித்தாள். அந்தக் கை என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் தாதி போனபோது நான் சந்தோசப்பட்டேன் என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பத்து நாள் என்னோடு வேலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது.

பதினோராம் நாள் அவளே வந்து போனை என் முன்னால் நீட்டினாள். கியூபாவின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தம்பதி தாதியின் வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். அவர்களுடைய கைக்குழந்தை இவளுடைய தாயின் மடியில் கிடந்தது, அதன் அப்பா பின்னால் வாளியோடு படியேறிக்கொண்டிருந்தார். “பார்த்தாயா,” என்றாள் அவள். குரலில் கொஞ்சம் பழிவாங்கல் இருந்தது. நான் அதற்குத் தகுதியானவள்தான்.

அந்தக் குழந்தையைப் பார்த்துக் கையசைத்தேன். எரிச்சல் பழையபடி வந்தது. இந்தமுறை அதை அவளிடம் மறைக்கவில்லை.