அதலைக்காயும் அக்காவின் கல்யாணப் பேச்சும்

அன்று எங்கள் வீட்டுக்குள் இருந்தது ஏழு பேர்: அம்மா, அய்யா, அக்கா, நான், அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய தாய்மாமன். ஏழு பேர் மூக்கிலும் ஏறியிருந்தது, அடுப்பில் வதங்கிக்கொண்டிருந்த அதலைக்காயின் பச்சைக் கசப்பு வாசம்.

அதலை யாரும் விதைக்காத கொடி. ஐப்பசி மழைக்குக் கரிசல் நெகிழ்ந்ததும் தானாகப் படர்ந்து, சுண்டுவிரல் நுனி போல வரிவரியாகக் காய்க்கும்; பாகற்காயின் தம்பி என்று சொல்லலாம். பறித்த அன்றே இரு முனையையும் கிள்ளி வாணலியில் போட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். சிவகாசி ஊருக்கெல்லாம் காலண்டர் அடித்துக் கொடுத்தாலும் எங்கள் அடுப்புக்கு அது தேவைப்பட்டதில்லை. மொச்சை வெந்தால் தை, வெள்ளரி நறுக்கினால் சித்திரை, வத்தல் வறுத்தால் ஆடி, அதலை வதங்கினால் ஐப்பசி. ஆனால் அய்யாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிகளைக் காயவைக்கிற வேலை, வெயில் இல்லையென்றால் கூலி இல்லை. அம்மாவுக்குப் புஞ்சைக் காட்டு வேலை, மழை இல்லையென்றால் அதுவும் இல்லை. வானம் கறுத்தால் அம்மா முகம் தெளியும், அய்யா முகம் கறுக்கும். அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துத்தான் எனக்கு எதற்கெடுத்தாலும் பயப்படுகிற புத்தி வந்தது போலும்.

சாத்தூர்ப் பக்கத்துக்காரர்களான மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாகத்தான் பேச்சு. புதன்கிழமையே நனைந்துகொண்டு வந்து நின்றார்கள். “மழைக்குக் கம்பெனி லீவு. சும்மா கெடக்குறதுக்குப் பொண்ணயாவது பாத்துட்டு வருவோம்னு கெளம்பிட்டோம் மதினி” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். அதற்குள் ஓடை பெருகி, பஸ் வராமல் போய்விட்டது. மத்தியானமும் ஆயிற்று.

பேச்சு முடியாமல் பெண் வீட்டில் யாரும் சாப்பாட்டில் “கை நனைக்க” மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம். நல்ல காரியத்துக்குக் கசப்பு வைப்பதும் எங்கள் பக்கத்தில் கிடையாது. அய்யா அடுப்படிக்குள் வந்து கிசுகிசுத்தார்: “ஏன்டீ, இன்னைக்குப் போயி கசப்பயா வப்பாக? அத மூடி அங்கிட்டு வையி.”

“மூடிட்டு? காய்கறி வண்டியே வரலைங்கேன். வெறுஞ்சோத்தையா போடச் சொல்றீக?”

நான் அவசரமாக ஒரு தட்டை எடுத்து மூடினேன். வாசம் நிற்கவில்லை. வெளியிலிருந்து தாய்மாமன் குரல் வந்தது: “யாத்தே, அதலைக்காயில்ல மணக்குது! எங்கள வெரட்டுறதுக்குத்தான் வதக்குறீகளோ?” எல்லாரும் சிரித்தார்கள், அய்யாவைத் தவிர.

அம்மா தட்டு வைத்தாள். சோறு போட்டாள். பக்கத்தில் அதலைக்காயையும் வைத்தாள். அவர்கள் கையைக் கொண்டுபோகுமுன், “ஒண்ணு கேட்டுக்கிறேன் மதினி” என்றாள். “எம்மக களை எடுப்பா, கருதறுப்பா. கம்பெனி அடைச்சுக் கெடக்கிற நாள்லயும் காட்டுல எதையாவது பறிச்சாந்து ஒங்களுக்கு ஆக்கிப் போடுவா. பட்டாசுக் கம்பெனி வேன்ல மட்டும் ஏத்திராதீக. அதுல போன எந்தங்கச்சி ரெண்டு கையும் வெந்து வந்தத நான் பாத்திருக்கேன்.”

கதவுக்குப் பின்னால் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தார்.

“எங்க பக்கம் ரெண்டு கை சம்பாரிச்சாத்தான் வண்டி ஓடுது மதினி” என்ற அந்த அம்மா, தட்டைத் தன் பக்கம் இழுத்து, “சரி, நாங்க ஏத்தல” என்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

“ஏலே மாப்ள, மூஞ்சியக் கோணாத. கசப்ப இப்பவே பழகிக்க” என்றார் தாய்மாமன். அக்காவின் பிடி அப்போதுதான் தளர்ந்தது.

அக்கா கல்யாணமாகிப் போனதும் அடுப்பு என் கைக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வாக்கை மீறினார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மழை அடுத்தடுத்துப் பொய்த்து, அவர்கள் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுத காட்டில் பட்டாசு ஷெட் எழும்பி, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவும் வந்த பிறகு ஒரு விடியற்காலையில் அக்கா தானாகவே வேனில் ஏறினாள். மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார்: “நாங்க ஏத்தல மதினி, அவளா ஏறிட்டா.” அம்மா வந்தவருக்குச் சோறு போட்டு அனுப்பினாள்.

இப்போது எங்கள் ஊர்க் கரிசலும் பாதிக்கு மேல் வீட்டுமனையாகவும் ஷெட்டாகவும் ஆகிவிட்டது. அன்று சும்மா கிடந்த அதலைக்காய் எங்கிருந்தோ பஸ் ஏறி வந்து, சிவகாசி மார்க்கெட்டில் ஆட்டுக்கறி விலைக்கு நிற்கிறது. எது பூத்தது, எது காய்த்தது என்று பார்க்க இப்போதெல்லாம் யாரும் காட்டுப் பக்கம் போவதில்லை. ஆனால் மழை பெய்தால் கம்பெனி அடைப்பது மட்டும் மாறவில்லை. இந்த ஐப்பசியிலும் அடைத்தார்கள், அக்கா வந்திருந்தாள். இத்தனை வருஷமும் வெடிமருந்து அறையில்தான் வேலை, பொடி பறந்து மூக்கிலும் நாக்கிலும் படிந்துகொண்டே இருக்கும் என்பாள். அதலைக்காய் வாங்கி, முனை கிள்ளி, சின்ன வெங்காயம் போட்டு வதக்கினேன். இரண்டாந்தரமும் கேட்டு வாங்கி ஆசையாகத் தின்றாள்.

“இந்த வருசத்துக் காயில கசப்பே இல்லையேடி” என்றாள்.

அதே சட்டியிலிருந்துதான் நானும் தின்றுகொண்டிருந்தேன். தொண்டை வரைக்கும் கசந்தது.

“ஆமாக்கா, கொஞ்சங்கூட இல்ல” என்றேன்.