தேத்தண்ணிக் கட்டம்

படிவத்தில் இரண்டு பெட்டிகள். 'இந்தக் கருவியைத் தினமும் பயன்படுத்தியதில் உங்களுக்குப் பிடித்தவை எவை?' என்று ஒன்று கேட்கிறது. 'பிடிக்காதவை எவை?' என்று மற்றது கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு கோடுகள் விட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை டேப்லட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இதையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அது இரவல் சாமான். அடுத்த நோயாளிக்குப் போக வேண்டும்.

மூன்று நாளாக இந்தக் கடதாசி குசினி மேசையில் கிடக்கிறது. நிரப்புவதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. பாரம் குறைவு, மடியில் வைக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். ஒரு கை போதும். பிடிக்காதவற்றுக்கும் பஞ்சமில்லை. யன்னல் பக்கம் இருந்தால் வெளிச்சம் பட்டு எங்கள் முகம்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. காய்ந்த விரலை அது விரலாகவே மதிக்காது. இரண்டு நிமிடம் தொடாவிட்டால் இருண்டுபோய்விடும். கொஞ்சம் சரித்துப் பிடித்தால் எல்லாம் குறுக்காகத் திரும்பிவிடும். இதை எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் போதும். எனக்குப் போதாது. நான்கு கோட்டுக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கியது. அவளிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை. இடது கையால் எழுதப் பார்த்தாள். பேனை கிறுக்கிக்கொண்டு போனதே தவிர எழுத்தாகவில்லை. இரண்டு நாள் முயன்றுவிட்டுப் பேனையைக் கட்டிலுக்குக் கீழே எறிந்தாள். கோபம் போகவில்லை, பேச்சுத்தான் போயிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் ஒருத்தி வந்தாள். எங்கள் மகளைவிட இளையவள். அவள்தான் இந்த டேப்லட்டைக் கொண்டுவந்தாள். திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருந்தன. ஒரு படத்தைத் தொட்டால் அதன் கீழே எழுதியிருப்பதை ஒரு குரல் சத்தமாக வாசிக்கும். தண்ணீர், தலையணை, நோகுது, பாத்ரூம், தேத்தண்ணி. தமிழ்க் குரலும் இருந்தது. இந்தியக் குரல். செய்தி வாசிப்பதுபோல 'நோகுது' என்று சொல்லும். முதல் நாள் அதைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனாலும் அது சிரிப்புத்தான்.

"வீட்டு ஆட்களின் படங்களையும் போடுவோம். அவர்களுடைய பெயரையும் எழுதுங்கள். சொந்தப் பெயர்களைக் கேட்கக் கேட்க நினைவு பலப்படும்" என்றாள் தெரபிஸ்ட்.

மகளின் படத்தைப் போட்டு அவளுடைய செல்லப் பெயரை எழுதினேன். என் படத்தைப் போட்டு என் பெயரை எழுதினேன். ஒற்றை விரலால் தமிழில், ஒரு எழுத்தும் விடாமல், முழுப் பெயர். அந்தக் குரல் அதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. முப்பது வருடம் பெற்றோல் நிலையத்தில் சட்டையில் பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு நின்றவன் நான். வந்தவன் போனவன் எல்லாம் என் பெயரைக் கடித்துக் குதறியிருக்கிறான். இந்தக் குரலாவது சரியாகச் சொன்னது.

அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் அந்தக் கட்டங்களுக்குள் நடந்தன. அவள் முன்னறையில் சோபாவில் இருப்பாள். நான் குசினியில் போனோடும் ரேடியோவோடும் இருப்பேன். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி அழுத்துவாள். குரல் வரும், நான் போவேன். தலையணை என்றால் தலையணை, தண்ணீர் என்றால் தண்ணீர். அதில் ஒரு குறையும் இல்லை. தேத்தண்ணியில்தான் பிரச்சினை வந்தது.

பின்னேரம் தொடங்கினால் 'தேத்தண்ணி', 'தேத்தண்ணி' என்று அந்தக் குரல் அடித்துக்கொண்டே இருக்கும். "வாறன், வாறன். ஒரு நிமிஷம் பொறுக்க ஏலாதோ?" என்று கத்திக்கொண்டு கேத்திலைப் போடுவேன். கோப்பையைக் கொண்டுபோனால் தலையை ஆட்டுவாள். இடது கையால் சோபாவில் தனக்குப் பக்கத்தில் தட்டிக் காட்டுவாள். அங்கே வைக்கச் சொல்கிறாள் என்று நினைத்து, சின்ன மேசையைப் பக்கத்தில் இழுத்துக் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் ஆடை படிந்து ஆறிப்போய் அப்படியே இருக்கும். வாயும் வைத்திருக்க மாட்டாள். அதை ஊற்றிக் கோப்பையைக் கழுவி முடிப்பதற்குள் மறுபடியும் 'தேத்தண்ணி'.

"குடிக்கிறேல்லை எண்டால் என்னத்துக்கப்பா கேக்கிறீர்? என்னை நடக்க வைக்கிறதுக்கோ?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மறுபடியும் சோபாவில் தட்டினாள். நான் கோப்பையை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தேன்.

இரண்டு மாதம் முடிந்ததும் தெரபிஸ்ட் வந்து, எந்தக் கட்டத்தை என் மனைவி எத்தனை தரம் தொட்டிருக்கிறாள் என்று டேப்லட்டிலிருந்து எடுத்து ஒரு கடதாசியில் தந்தாள். அது எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தேத்தண்ணிதான் முதலில் நின்றது, மற்றவை கிட்டவும் வரவில்லை. மகள் இருந்தாள், தலையணை இருந்தது. கடைசி வரியில் என் பெயர். பக்கத்தில் பூச்சியம்.

"சிலருக்கு அப்படி நடக்கும். மனதில் எடுக்காதீர்கள்" என்றாள் அந்தப் பெண். மனதில் எடுக்காதே என்று ஒருவர் சொன்னால் அது மனதில் எடுக்க வேண்டிய விஷயம்தான்.

அவள் போனதும் நான் சோபாவுக்கு முன்னால் நின்றேன். சுகமில்லாதவளிடம் பேசக்கூடாததைப் பேசினேன். "உமக்காக எத்தினை வருசம் ரெண்டு ஷிப்ட் செய்தனான்? தலையணைக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லையோ? ஒருக்கா, ஒரே ஒருக்கா என்ரை படத்தில விரல் வைக்க ஏலாதோ?"

அவள் அழுதாள். சோபாவில் தட்டினாள். என் படத்தைக் காட்டி, பிறகு தன் வாயைக் காட்டி, கையை விரித்தாள். பேச ஏலாது என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. அழுகிறாள் என்றால் குற்றம் நெஞ்சில் குத்துகிறது என்று முடிவு செய்தேன். என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வருடம் வாயால் சொல்லாததை இப்போது விரலால் சொல்லிவிட்டாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

அன்றே தேத்தண்ணிக் கட்டத்தைத் தூக்கி இரண்டாம் பக்கத்தில் போட்டேன். கட்டங்களை இடம் மாற்றுவதற்கு மகள் சொல்லித் தந்திருந்தாள். பக்கம் திருப்புவது என் மனைவிக்குப் பெரிய பாடு. காய்ந்த விரலால் இழுத்தால் பாதியில் நின்று பழைய இடத்துக்கே வந்துவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

வீடு அமைதியானது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்தவை பெட்டியில் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு மருந்து கொடுக்கப் போனேன். அவள் சோபாவில் சரிந்து கிடந்தாள். டேப்லட் கால்மாட்டில் விழுந்து இருண்டு கிடந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அவளைத் தூக்கும்போது நான் அதை எடுத்தேன். கை பட்டதும் திரை வெளித்தது. இரண்டாம் பக்கம் திறந்திருந்தது. 'நோகுது' என்ற கட்டம் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கிறாள். அந்த நேரத்திலும் தேத்தண்ணியா என்று ஒரு கணம் எனக்கு எரிச்சல் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

இது பக்கவாதத்தின் இரண்டாவது அடி. முன்னமே கண்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல மனிதர். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லுவார் என்று நினைக்கிறேன்.

செவன் கிங்ஸில் குடியிருக்கும் மகள் ஓடி வந்தாள். வார்டுக்கு வெளியே இரண்டு பேரும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தோம். என் கோட் பையில் தெரபிஸ்ட் தந்த அந்தக் கடதாசி இன்னும் இருந்தது. அதை மகளிடம் ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. யாராவது எனக்காக நியாயம் கேட்கட்டும் என்றுதான் இருக்கும். "பார், உன்ரை கொம்மா என்னைத் தொடவே இல்லை" என்றேன்.

அவள் கடதாசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உங்கட பேரையா எழுதினீங்கள்?"

"வேறை என்னத்தை எழுதிறது?"

"அம்மா எப்பயாவது உங்கட பேரைச் சொல்லியிருக்கிறாவா? ஸ்கூலில டீச்சர் அப்பாவின்ரை நேம் என்னெண்டு கேட்டால், அம்மா என்னைத்தான் சொல்லச் சொல்லுவா. ஜீபீ டொக்டரிட்டையும் அப்பிடித்தான். ஒரு நாள்கூட அவவின்ரை வாயில வந்ததில்லை. மெஷினைக் கொண்டும் சொல்ல மாட்டா."

என் மனைவி இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வக்கீல் கந்தோரில் கணவர் பெயர் என்னவென்று கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, பேனையைக் கேட்டு வாங்கி, எழுதிக் காட்டினாள். மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில்தான் இருந்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பலரும் அப்படித்தான். புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அவள் என்னை 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிட்டாள். கதவு தட்டினால் இஞ்சாருங்கோ, கறிக்கு உப்புப் பார்க்க இஞ்சாருங்கோ, சண்டை முடிந்து மூன்றாம் நாள் சமாதானமாவதற்கும் இஞ்சாருங்கோ. லண்டன் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில், ஒருத்தி மட்டும் அதைச் சொல்லவே இல்லை என்பது எனக்கு மறந்துபோயிற்று.

மகள் கடதாசியில் முதல் வரியில் விரலை வைத்தாள். "தேத்தண்ணியா? அம்மா பின்னேரத்தில தேத்தண்ணி குடிக்கிறதே இல்லையே. நித்திரை வராது எண்டு அதை விட்டு எத்தினை வருசம்."

எனக்கு அது தெரியாது. அந்த வருடங்களில் என் பின்னேரங்கள் எல்லாம் பெற்றோல் நிலையத்தில் போயின.

"வீட்டில தேத்தண்ணி போடுறது ஆர், அப்பா?" என்று கேட்டாள் மகள்.

போடுகிறவன் நான்தான், அந்தக் கட்டத்தை அழுத்தினால் வருகிறவனும் நான்தான். சோபாவில் தட்டிய அந்தக் கை என் கண்ணுக்குள் வந்தது. கோப்பையை வைக்கச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் இருங்கோ என்று இரண்டு மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் கேட்டிருக்கிறாள். நான் கேத்திலைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். பிறகு அந்த ஒரு வழியையும் தூக்கி இரண்டாம் பக்கத்தில் வைத்தேன். கடைசியில் அங்கேயும் தேடிக்கொண்டு போயிருக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்து என் படத்தின் கீழே இருந்த பெயரை அழித்தேன். 'இஞ்சாருங்கோ' என்று எழுதினேன். கட்டத்தைப் பெரிதாக்கி முதல் பக்கத்தின் நடுவில் போட்டேன். அழுத்திப் பார்த்தேன். செய்தி வாசிக்கிற அந்தக் குரல் வாசித்தது. வெறும் வீட்டில் அதைக் கேட்டுவிட்டுக் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழு வேலைக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வார்டில் பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை. டேப்லட்டை அவளுடைய வயிற்றில் சாய்த்து வைத்து, இடது கையை எடுத்து, சுட்டுவிரலை நனைத்த பஞ்சால் துடைத்து அந்தக் கட்டத்துக்கு மேலே வைப்பேன். இப்போது அந்தக் கையும் அசைவதில்லை. கண் திறந்திருக்கும். என்னைப் பார்க்கிறாளா, எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறாளா என்று டாக்டருக்கும் தெரியாது. விரலை நானே அழுத்திவிடலாம். தாதி ஒருத்தி அப்படிச் செய்தும் காட்டினாள். எனக்கு அது வேண்டாம். அவள் கூப்பிடாமல் நானே என்னைக் கூப்பிட்டு என்ன பயன்?

இரண்டு நிமிடத்தில் திரை இருளும். ஓரத்தில் தொட்டு வெளிக்க வைப்பேன். மறுபடியும் இருளும். நேற்று மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தேன். நாளைக்கு வியாழக்கிழமை. படிவம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இன்று புறப்படும்போது அவளுடைய கட்டிலில், அவளுக்குப் பக்கத்தில், இடம் பண்ணிக்கொண்டு இருந்தேன். அப்படி இருக்கக்கூடாது என்று தாதி சொன்னாள். நான் எழும்பவில்லை. டேப்லட் இருண்டு கிடந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"ஓம்," என்றேன். "வந்திட்டன்."