ஊமைப் படத்து அத்தை

ஹட்டன் பஸ்ஸில் தங்கச்சி மகள் போனில் பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருத்தி சத்தமில்லாமல் கண்ணை உருட்டி அழுதாள்.

"பெரியம்மா, இவங்க ஊமையா?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

டயகம தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிய எங்கள் லயத்து வீடுகளில் கடைசி வீட்டில் ராஜம்மா அத்தை இருந்தார். இளமையில் மெட்ராஸில் சினிமா நடிகை. பேசும் படம் வந்ததும், குரல் தகரம் மாதிரி இருக்கிறதென்று அனுப்பிவிட்டார்களாம். கல்யாணம் கட்டி இங்கே வந்துவிட்டார். "ஊமைப் படத்துல நடிச்சவங்க" என்று அம்மா சொன்னதும், அத்தை ஊமை என்றே பிள்ளைகள் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பெரியவர்கள் கொழுந்தெடுக்கப் போனபின் அவர் வீட்டுக்கு ஓடுவோம். சைகையில்தான் பேச்சு. மழை வரும், ரொட்டி தின்ன வா, எல்லாம் புருவத்தாலேயே சொல்வார். வில்லன் அவரை ஆற்றில் தள்ளிய காட்சியை நடித்தால் எங்களுக்கு மூச்சே நின்றுவிடும்.

ஒருநாள் அத்தை வீட்டு வாசலில் என் காலில் அட்டை ஏறியது.

"அடியே, அட்டைடி!"

லயமே அதிர்ந்தது. நான் அட்டையை மறந்து கத்தினேன்: "அத்தை பேசிட்டாங்க!" பிறகு கோபம் வந்தது. "இத்தன நாளா ஏன் பேசல?"

"ரொம்ப வருசத்துக்கப்புறம் என் நடிப்பப் பாக்க ஆளு வந்துச்சு. வாயத் தொறந்து கெடுத்துக்குவேனா?"

"சொல்லுங்க பெரியம்மா, ஊமையா?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு புருவத்தை மட்டும் மெல்ல உயர்த்தினேன்.